ஆச்சிக்கும் எனக்கும் நடுவே ஓர் ஆஃப்

ஆங்கிலத்தில் பெரிய சொற்களைக் கண்டு நான் பயந்ததே கிடையாது. எவ்வளவு நீளமான சொல்லாக இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தம்மில் சொல்லிவிடுவேன். தப்பாகச் சொன்னாலும், சரியானது எது என்று கேட்பவருக்கும் தெரியாததால் இரண்டு பேர் மானமும் தப்பிக்கும். என்னைக் கவிழ்ப்பதெல்லாம் ஆஃப், அட், இன், டு, வித் என்கிற பொடிசுகள்தான். அவை தனியாக வந்தால்கூடச் சமாளிக்கலாம். மேசை மேலே என்றால் ஆன், பெட்டிக்குள்ளே என்றால் இன். ஓர் அட்ஜெக்டிவைக் கூட்டிக்கொண்டு வரும்போதுதான் வினை.

செக்காலையில் இருக்கிற மகள் வீட்டுப் பேரன், ஆங்கில வீட்டுப்பாடம் என்றால் என்னிடம்தான் வருவான். இன்னமும் வருகிறான் என்பதை நினைத்தால் பையனின் எதிர்காலம் பற்றிக் கவலையாக இருக்கிறது.

"ஐயா, 'ஐ ஆம் குட்', கோடு, 'மேத்ஸ்'. கோட்டுல என்ன போடணும்?"

"இதென்னப்பா, கணக்கில் புலி என்கிறோம். இல் என்றால் இன். போடு இன்."

மறுநாள் சிவப்பு மையில் அட் என்று திருத்தி வந்தது. அட் என்பதை நான் பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் போடுகிற சொல் என்று நினைத்திருந்தேன். கணக்கு என்ன பஸ் ஸ்டாண்டா, அதன் பக்கத்தில் போய் நிற்க? ஆனால் அவர்கள் வழக்கம் அப்படி. திறமையானாலும் திறமைக் குறைவானாலும் அட்தான். குட் அட், பேட் அட், க்விக் அட். ஹோப்லெஸ் அட் என்றும் ஒன்று உண்டு. அதைப் பேரன் எனக்குப் பாடத்தில் காட்டவில்லை, பேச்சுவாக்கில் உபயோகித்துக் காட்டினான்.

மனசு சம்பந்தப்பட்டது என்றால் பெரும்பாலும் ஆஃப் வந்து நிற்கிறது. பயம், பெருமை, பொறாமை, வெட்கம், பிரியம், எல்லாவற்றுக்கும் ஆஃப். இதை மட்டும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டதன் பலனைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தேவகோட்டையில் ஒரு கல்யாணம். விருந்து முடிந்து வந்த ராத்திரி எங்கள் வீட்டு ஆச்சிக்கு வயிறு சரியில்லை. (ஊரே அவளை ஆச்சி என்று கூப்பிடுவதால் பாதுகாப்புக் கருதி நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.) சிங்கப்பூரில் இருக்கிற மகனுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன்: 'மதர் இஸ் சிக் ஆஃப் குக்கிங்.' கல்யாணச் சமையலால் உடம்புக்கு முடியவில்லை என்று பொருள். பள்ளிக்கூடத்தில் 'டைட் ஆஃப் காலரா' என்று படித்தவன் நான். காலராவால் செத்தால் ஆஃப் போடலாம், சமையலால் படுத்தால் போடக்கூடாதா?

கூடாதாம். சிக் ஆஃப் என்றால் அலுத்துப்போச்சு, போதும்டா சாமி என்று அர்த்தமாம். மகன் உடனே தங்கச்சியைக் கூப்பிட்டு, "ஆத்தாவுக்குச் சமைச்சுச் சமைச்சு வெறுத்துப்போச்சாம், அப்பச்சியே எழுதியிருக்காக" என்று சொல்லி, அந்த மாதம் முழுக்கக் கேரியர் சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிவிட்டான். பட்டாலையில் படுத்திருந்த ஆச்சி, பேரனிடம் விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல நீங்க எழுதின இங்கிலீஷ்ல இது ஒண்ணுதான் சரி."

இதற்குப் பிறகு பரணில் கிடந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தைத் தூசி தட்டி எடுத்தேன். எந்தச் சொல்லுக்கு அப்புறம் எந்த ப்ரிபொசிஷன் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது. இரட்டையரில் ரென் துரை பம்பாய் மாகாணத்தில் கல்வி இலாகாவில் வேலை பார்த்தவர். 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்று ஒரு நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றவர். வீட்டை விட்டு ஓடிப்போய், சஹாரா பாலைவனத்தில் பிரெஞ்சுக்காரர்களின் பட்டாளத்தில் சேருகிற பையன்களின் கதை. இலக்கணப் புத்தகமும் அவருடையதே என்று தெரிந்ததும், அந்தப் பையன்கள் ஏன் ஓடினார்கள் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நம் உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அது யார் வீட்டுப் பிள்ளை என்பதில் சந்தேகமே வராது. இங்கிலீஷ்காரனின் ப்ரிபொசிஷன் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி. நிற்பது பெயர்ச்சொல்லின் வாசலில், கேட்பதெல்லாம் அட்ஜெக்டிவ் பேச்சை. நாமோ வாசலைப் பார்த்துத் தமிழ் உருபைப் பெயர்க்கிறோம்.

அது சில நேரம் பலிக்கவும் செய்யும் என்பதுதான் கொடுமை. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்த சொற்கள். அதனால் தேன் போடாமல் டு போட வேண்டும் என்றது புத்தகம். அட, நாம் "அவர் எனக்கு சீனியர்" என்றுதானே சொல்கிறோம்! கு என்றால் டு. விஷயம் முடிந்தது என்று துள்ளிக் குதித்து, 'ஆத்தங்குடி தரைக்கல்லுக்குப் பேர்போனது' என்பதற்கும் ஃபேமஸ் டு என்று பேரனுக்கு எழுதிக் கொடுத்தேன். ஃபார் என்று சிவப்பு மையில் வந்தது. அந்தச் சிவப்பு மை தீரவே தீராது போலிருக்கிறது.

சரி, நம் இலக்கணமாவது ஒழுங்கா என்று பார்த்தேன். 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் கண்ட ஊர், தமிழ்த்தாய்க்கே கோயில் கட்டின ஊர், இங்கே இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? நன்னூலார் கு உருபுக்குக் கொடுக்கிற பொருள்களில் பகையும் உண்டு, நட்பும் உண்டு. பாரிக்கு நண்பர் கபிலர். பாரிக்குப் பகை மூவேந்தர். இரண்டுக்கும் அதே கு. நம் சிவகங்கைச் சீமைப் பிரான்மலைதான் பாரியின் பறம்பு என்பார்கள். அங்கே கட்டிப்பிடிக்க வந்தவருக்கும் முற்றுகையிட வந்தவருக்கும் ஒரே உருபைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

தொல்காப்பியர் பாடு இன்னும் சுவாரசியம். பயத்துக்கு இரண்டாம் வேற்றுமையும் வரும், ஐந்தாம் வேற்றுமையும் வரும் என்கிறார். பழியை அஞ்சும், பழியின் அஞ்சும், இரண்டும் சரி. நாமோ இப்போது பழிக்கு அஞ்சுகிறோம். அதே பயத்தைக் காட்ட இங்கிலீஷ்காரனுக்கு ஓர் ஆஃப் போதும். தொல்காப்பியர் இதைச் சொல்கிற இயலின் பெயரே வேற்றுமை மயங்கியல். பெயரிலேயே எச்சரிக்கை போட்டுவிட்டார், பெரிய மனிதர். நமக்கு இதெல்லாம் கஷ்டமாகத் தெரியாததற்குக் காரணம், சின்ன வயதில் யாரும் நம்மிடம் கோடிட்ட இடத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லவில்லை. "நமக்கு மூணு, அவுகளுக்கு ஒண்ணு. அப்ப ஐயா, எது ஈஸி?" என்று பேரன் கேட்டான். நான் அவனைக் கடைக்கு அனுப்பினேன்.

இதற்கிடையில், பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்கிற ஒரு வெளிநாட்டுத் தம்பதி எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். பர்மாத் தேக்குத் தூண்களை எல்லாம் காட்டிவிட்டு, ஆச்சியை அறிமுகப்படுத்த, "ஐ ஆம் மேரீட் வித்" என்று கையைக் காட்டினேன். அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு, மேலே சொல்லுங்கள் என்பது போலக் காத்திருந்தார். மேரீட் வித் என்றால் அடுத்து எத்தனை பிள்ளைகள் என்று வர வேண்டுமாம். மனைவி என்றால் மேரீட் டு. நம்மில்கூட அவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்று கு போட்டுத்தான் சொல்கிறோம். தேவைப்படுகிற நேரத்தில் அந்தக் கு ஞாபகத்துக்கு வந்தால்தானே! ஆச்சியைப் பிள்ளைக் கணக்கில் சேர்த்துவிட்டு நான் விழித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆச்சி முன்னால் வந்தாள். "கம். ஸிட். ஈட். திஸ் வெள்ளைப் பணியாரம். வெரி குட்." ப்ரிபொசிஷன் ஒன்றுகூடக் கிடையாது. அவர்கள் உட்கார்ந்தார்கள், தின்றார்கள், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றார்கள். போகும்போது, உங்கள் மனைவி ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள்.

கோபத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. மனிதர் மேல் கோபம் என்றால் ஆங்ரி வித், பொருள் மேலும் சங்கதி மேலும் என்றால் ஆங்ரி அட். நாம் 'மேல்' என்பதைப் பார்த்து ஆன் போடுவோம். அது கூடவே கூடாது. அமெரிக்காவில் மனிதருக்கும் அட் போடுகிறார்கள். டிஃபரண்டுக்கு ஃப்ரம் என்று ஒரு கட்சி, டு என்று ஒரு கட்சி, தேன் என்று அமெரிக்கா. அவர்களுக்குள்ளேயே தீராத சண்டை. ஆச்சிக்கு என் மேல் வருகிற கோபம் வித்தா அட்டா, அதாவது நான் மனிதர் கணக்கா சாமான் கணக்கா என்று அவளிடமே கேட்டிருக்கலாம். தைரியம் வரவில்லை.

நீங்களும் இந்தக் கட்டுரையில் இருக்கிற ஆங்கிலத்தை நம்பிப் பரீட்சை எழுதிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை பேரனுக்கு ஆங்கிலத் தேர்வு. தேடிக்கொண்டு உங்கள் வீட்டுப் பக்கம் வந்தால், ஐயா புதுக்கோட்டைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.