மஸ்டர் மாமா

பீர்மேடு, பாம்பனார், வண்டிப்பெரியார் பக்கம் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு மஸ்டர் மாமா கிடைப்பார். சில வீட்டில் அவர் அத்தான், சில வீட்டில் பெரியப்பா. ஆள் என்னவோ ஒரே ஆள்தான். தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராகக் காலம் தள்ளியவர். காலையில் மஸ்டரில் ஆள் எண்ணி, சாயங்காலம் கொழுந்து நிறுத்து, ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்து, நாளுக்கு நிர்ணயித்த கிலோ ஆயிற்றா என்று பார்த்து எழுதிய கை. ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கை சும்மா இருக்குமா? எண்ணுவதற்கு இப்போது மிச்சமிருப்பது குடும்பம் ஒன்றுதான். ஆகவே அதைக் கொச்சியில் உள்ள வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்.

உலகமே காசு செலவழித்துப் பீர்மேட்டுக்கு வருகிறது. பருந்தும்பாறையில் மூடுபனிக்குள் நின்று படம் பிடிக்கிறார்கள். வாகமண்ணில் 2023-ல் திறந்த 40 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் டிக்கெட் எடுத்து நின்று, கீழே பார்க்காமல் திரும்புகிறார்கள். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற இந்த ஊரிலிருந்து ஒரு குடும்பம் மலையிறங்கிப் போய், குழாய் மழையில் நனைந்து ஆடக் காசு கட்டுகிறதே, இது என்ன கூத்து என்று மாமாவிடமே கேட்டிருக்கிறேன். “இங்க பெய்யிற மழையில ஆடவா முடியும்? கொங்காணியைப் போட்டுக்கிட்டு வேலைக்குல்ல போகணும்” என்றார். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

திட்டம் ஓணம் போனஸ் கைக்கு வருமுன்னே தொடங்கிவிடும். முதல் பிரச்சினை, திசை. குமுளி வழியாக இறங்கினால் மதுரை. அங்கே திண்டுக்கல் ரோட்டில் அதிசயம் பார்க் இருக்கிறது, பாட்டிக்கு மீனாட்சியையும் கும்பிட்ட மாதிரி ஆகும். முண்டக்கயம் வழியாக இறங்கினால் கொச்சி. மாமா தேனி, மதுரைப் பக்கமே வண்டியைத் திருப்ப மாட்டார். காரணம் வெயில் இல்லை. “கம்பத்துல ஒரு வீடு, தேனியில ரெண்டு வீடு, உசிலம்பட்டியில சம்பந்தி. ஒரு வீட்டுக்குப் போயி இன்னொரு வீட்டுக்குப் போகலைன்னா சண்டை. வெறுங்கையோட போக முடியாது. பார்க்குக்குள்ள போறப்ப பையில என்ன இருக்கும்?” கொச்சியில் நமக்குச் சொந்தம் என்று ஒருத்தரும் இல்லை. கேளிக்கைக்கு இதைவிடத் தகுந்த ஊர் வேறு எது?

அடுத்தது நாள். ஓணத்தன்று கூட்டம் நெரியும், ஞாயிறும் ஆகாது, ஓணம் கழிந்து வருகிற வார நாளில் போனால் பார்க் காலியாகக் கிடக்கும் என்பது மாமா தானே கண்டுபிடித்த சூத்திரம். அதே சூத்திரத்தைக் கோட்டயத்திலும் ஆலப்புழையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள மாமாக்கள் தனித்தனியே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது பார்க்கிங்கில் வண்டியை விட இடம் தேடும்போதுதான் தெரியும்.

எல்லாவற்றையும் விட நுட்பமான வேலை உயரக் கணக்கு. அங்கே பிள்ளைகளுக்கு வயசு பார்த்து டிக்கெட் கிடையாது, உயரம்தான். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை பிள்ளைக் கட்டணம், தாண்டினால் முழு ஆள். மாமா கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பேரனை நிறுத்தி அளந்தார். 138. முகம் மலர்ந்தது. மறுநிமிஷமே சுருங்கியது. பெரிய ரைடுகளில் ஏற 140 வேண்டுமே! கவுண்டரில் குட்டையாகவும் ரைடில் நெட்டையாகவும் இருக்கிற பிள்ளையை எந்த வீட்டில் பெற்றிருக்கிறார்கள்? மாமா பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். “கவுண்டர்னா முட்டியை மடக்கு. ரைடுன்னா குதிங்காலைத் தூக்கு.” முந்தின நாள் முடி வெட்டிவிட்டதும் அந்தக் கணக்கில்தான். வாசலில் செக்யூரிட்டிக்காரர் ஒரே பார்வையில், “மோனே, நேரே நில்க்கு” என்றார். பையன் பதறிப்போய் இரண்டு பயிற்சியையும் ஒரே நேரத்தில் செய்து காட்டினான்.

ஆனால் நான் வாசலுக்கு முந்திக்கொண்டு போய்விட்டேன். வழியில் வளஞ்சாங்கானம் இருக்கிறதே. விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பி, டிராவலரில் ஏற்றி, பேர் சொல்லிக் கூப்பிட்டு மஸ்டர் எடுத்தாயிற்று. குட்டிக்கானம் தாண்டி வளைவுகளில் இறங்கும்போதே எலுமிச்சம்பழமும் கவரும் கை மாறத் தொடங்கிவிட்டன. ரோட்டை ஒட்டியே அருவி, மழைக்காலத்துத் தண்ணீர் பாறை முழுக்க வெள்ளையாக விழுகிறது, ரோட்டில் நின்றாலே சாரல் முகத்தில் அடிக்கும். பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக் கத்தின. மாமா டிரைவர் தோளைத் தட்டி, “நிறுத்தாதீங்க தம்பி” என்றார். பின்னால் திரும்பி, “தண்ணிக்குத்தான் அங்க காசு கட்டியாச்சுல்ல, அப்புறம் இதுல எதுக்கு நனையணும்?”

வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். அதனால் அத்தை கட்டிய எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை, தயிர்ச்சோறு எல்லாவற்றையும் காலை ஒன்பதரைக்கே பார்க்கிங்கில் வைத்துக் காலி செய்ய வேண்டும். பசி இருக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. குளத்தில் இறங்க நைலான் உடுப்பு வேண்டும், பருத்தி ஆகாது என்றதும் அத்தை, “சேலையோட ஆத்துல குளிச்சவதானே நான்” என்று சண்டைக்கு நின்றாள். கடைசியில் மகனுடைய ஃபுட்பால் ஜெர்சியைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு வந்து, அதுவும் செல்லாது என்றதும், அங்கேயே ஒன்று வாங்கும்படி ஆயிற்று. மாமாவின் நோட்டில் எதிர்பாராத செலவு என்று ஒரு தலைப்பு அப்போதுதான் பிறந்தது. வரிசையில் நிற்காமல் முன்னே போகத் தனி டிக்கெட் உண்டு என்று மருமகன் சொன்னதற்கு, “நிக்கிறதுக்கு ஒரு காசு, நிக்காததுக்கு ஒரு காசா?” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மாமாவைக் கஞ்சன் என்றால் நான் ஒப்பமாட்டேன். இந்த பார்க் 2000-ல் வீகாலேண்ட் என்ற பெயரில் பள்ளிக்கரையில் திறந்தது. வி-கார்டு ஸ்டெபிலைசர் போட்ட கொச்சௌசேப் சிற்றிலப்பிள்ளி கட்டியது. மாமா இன்னும் வீகாலேண்ட் என்றுதான் சொல்வார். அதே வருஷம்தான் பீர்மேட்டில் ஒரு பெரிய கம்பெனி எஸ்டேட்டைப் போட்டுவிட்டுப் போனது. பின்னாலேயே வேறு சிலதும் மூடின. அவருடைய பிள்ளைகள் வீகாலேண்ட் விளம்பரத்தை டிவியில் பார்த்ததோடு சரி. இப்போது பேரப்பிள்ளைகளை வைத்து, அந்தப் பழைய பாக்கியையும் சேர்த்து ஒரே நாளில் வசூலிக்கப் பார்க்கிறார். நோட்டு தடிக்காமல் என்ன செய்யும்?

லாஸ் ஏஞ்சலஸில் மகள்கள் குடைராட்டினத்தில் சுற்ற, பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்த வால்ட் டிஸ்னிக்கு, பெரியவர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாம். 1955-ல் டிஸ்னிலாண்ட் வந்தது. எழுபது வருஷம் ஆகியும் மஸ்டர் மாமா அதே பெஞ்சில்தான் இருக்கிறார். மடியில் எல்லாருடைய செல்போன், காலடியில் எல்லாருடைய செருப்பு. ரைடு முடிந்து வருகிறவர்கள் முதலில் அவரிடம் வந்து பதிய வேண்டும். பதிவதிலும் கழிவு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு போனால் கால் ரைடு கழிவு. நடுவில் அழுதால் அரை. இறங்கி வாந்தி எடுத்தால் மொத்தமும் போச்சு, “எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துட்டான்ல!”

திரும்பும்போது இருட்டிவிட்டது. எல்லாரும் தூங்கி விழ, மாமா செல்போன் வெளிச்சத்தில் டிக்கெட் காசை ரைடுகளால் வகுத்து, ஆளுக்கு இத்தனை என்ற நிர்ணயத்தோடு ஒப்பிட்டு ஆள் ஆளாக வாசித்தார். மருமகனுக்குப் பற்றாக்குறை. அத்தைக்குப் படு பற்றாக்குறை. பாட்டி பெயருக்கு எதிரே, “அலைக்குளம், ஒன்று.” முதியோர் சலுகையில் உள்ளே போய், காலை முதல் அந்தக் குளத்தை விட்டு நகராதவள்.

பாட்டி தூங்கவில்லை. அந்தக் காலத்தில் கொழுந்து எடுத்து, தராசு முள்ளைக் கண்ணால் பிடித்து வைத்துச் சண்டை போட்டவள். “ஒண்ணா? ஊதல் ஊதுறப்பெல்லாம் அலை வந்துச்சு. ஒவ்வொரு அலைக்கும் ஒண்ணு போடுடா.”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சட்டம் இடம் கொடுக்கவில்லை. கண்ணை மூடியதாகவோ அழுததாகவோ சாட்சி இல்லை. அலையை எண்ணிப் போட்டார். நிர்ணயம் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

“போட்டாச்சா?” என்றாள் பாட்டி. “அப்ப மேல எடுத்த கிலோவுக்குக் காசு எங்க?”