தீனிக் கட்சிகள்

நாய்த் தீனிக் கடையில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அட்டையின் பின்பக்கம் படிக்கும் பெரியவர், தான் தினம் தின்னும் பிஸ்கட் பாக்கெட்டை ஒருநாளும் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார். உலர் தீனியில் புரதம் 24 சதவீதம், டின்னில் வெறும் 8. "பகல் கொள்ளைப்பா!" என்று டின்னைத் திரும்ப வைக்கிறார். டின்னில் 78 சதவீதம் தண்ணீர். அதைக் கழித்துப் பார்த்தால் 8 என்பது 36 ஆகிவிடும். 10 சதவீதமே ஈரமுள்ள உலர் தீனி 27-ஐத் தாண்டாது. கொள்ளை என்றால் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துப் பில் போடுகிறார்களே, அதுதான். லாரித் தண்ணீர் விலைக்குப் புலம்பும் சென்னைக்காரர் இதற்கு வாய் திறப்பதில்லை.

உலர் கட்சிக்காரர்களின் பிரம்மாஸ்திரம், கடித்துத் தின்றால் பல் சுத்தமாகும் என்பது. முறுக்கு தின்றால் பல் விளக்க வேண்டாம் என்பதைப் போலத்தான். பல்லுக்கென்றே தயாரிக்கும் தீனி வேறு சங்கதி.

1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் நாய் பிஸ்கட் விற்கக் கிளம்பியிராவிட்டால் இத்தனை வம்பில்லை. ராஜபாளையத்து நாய் கூழைக் குடித்துவிட்டுக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"உலர் தீனி, டின் தீனி ரெண்டையும் கலந்து வைங்க, ஆனா ஒவ்வொண்ணுலயும் அளவைக் குறைச்சிடுங்க" என்கிறார் கால்நடை மருத்துவர். வீட்டில் முதல் பாதியை மட்டும் அமல்படுத்துகிறார்கள். லாப்ரடார் இரண்டு பங்கையும் முடித்துவிட்டு, வாசலில் கிடக்கும் தோல் செருப்பை நோட்டம் விடுகிறது.