வின்னிபெக்கில் ஒரு வெங்காயப் பெட்டி

வின்னிபெக்,
கனடா.

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நானும் உங்கள் மகளும் பேரனும் நலம். சின்னசேலத்தில் நீங்களும் அத்தையும் நலம்தானே? பெட்டி செய்த கதையை உங்கள் மகள் போனில் சொல்லியிருப்பாள். அது ஆளுங்கட்சி அறிக்கை. எதிர்க்கட்சிக்கும் பேச நேரம் ஒதுக்குவதுதான் சபை மரபு என்பதால் இந்தக் கடிதம்.

“ஊரே ஐஸ் பெட்டியா இருக்கு, காய்கறிக்கு எதுக்குத் தனிப் பெட்டி?” என்று அத்தை கேட்டார்களாமே. நியாயமான கேள்வி. ஜனவரியில் இங்கே ராத்திரி மைனஸ் முப்பது டிகிரிக்கெல்லாம் இறங்கும். உருளைக்கிழங்கை வெளியே வைத்தால் காலையில் அதைக் கொண்டு ஆணி அடிக்கலாம், உருகினால் கூழ். வீட்டுக்குள்ளேயோ ஹீட்டர் இருபத்தொரு டிகிரியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அதுவும் போதாமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்; கிழங்கு மட்டும் ஆடிப்பட்டம் வந்துவிட்டது என்று மூட்டைக்குள்ளேயே முளைவிடுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். வறுவல் இனிக்கும், சட்டென்று கருகும்.

ஆக ஏழு முதல் பத்து டிகிரிக்குள் இருட்டாக ஓர் இடம் வேண்டும். இந்த வீட்டில் அப்படி இருப்பது பேஸ்மென்டின் வடக்கு மூலை ஒன்றுதான். அங்கே பெட்டி போடுவதென்று உங்கள் மகள் தீர்மானம் கொண்டுவந்தாள். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது.

மரம் வாங்கப் போன கதையைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். ‘இரண்டுக்கு நாலு’ என்று சட்டத்துக்குப் பேர். டேப்பை வைத்தால் ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கிறது. கடைப் பையனைக் கேட்டேன். அறுத்த பச்சை மரத்தின் அளவில் வைத்த பேராம். காயவைத்து இழைத்தால் இவ்வளவுதான் தேறுமாம். நம்மூர் மர மில்லில் அரை அங்குலம் குறைந்திருந்தால் நீங்கள் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். ரோட்டுக்குக் கிலோமீட்டர், பாலுக்கு லிட்டர் என்று அளக்கிற தேசம், மரத்துக்கு மட்டும் அங்குலம் வைத்திருக்கிறது. அந்த அங்குலமும் பொய்!

பச்சை நிறமேறிய பலகை ஒன்றைத் தொட்டேன். உங்கள் மகள் கையைத் தட்டிவிட்டாள். பூஞ்சை பிடிக்காமல் மருந்து ஏற்றிய மரமாம். 2003 கடைசி வரை இங்கே வீட்டு வேலைக்கு விற்ற மரத்திலும் ஆர்சனிக் கலந்த மருந்துதான்; இப்போது செம்பு கலந்தது. எதுவானாலும் தின்கிற பொருள் படுக்கிற பலகைக்கு ஆகாது என்று வெறும் பைன் மரமே எடுத்தோம்.

அடுத்தது ஸ்க்ரூ. இங்கே அதன் தலையில் இருக்கும் பள்ளம் சதுரம். ராபர்ட்சன் என்ற கனடாக்காரர் 1908-இல் கண்டுபிடித்தது. திருப்புளி வழுக்கவே வழுக்காது. ஆசையாக ஒரு டப்பா எடுத்தேன். “எங்கப்பா பார்த்தா என்ன சொல்வாரு?” என்றாள். அவ்வளவுதான், நாலு மூலையும் கழுந்தும் துளையுமாக இறங்கிவிட்டது. ஸ்க்ரூ கீலுக்கு மட்டும்.

அளவு, குறி, உளி எல்லாம் அவள் பொறுப்பு. பலகையைப் பிடித்துக்கொள்வது என் இலாகா. கதவுப் பலகையைக் காடிக்குள் இறுக்காமல் விடச் சொன்னீர்களே, அது புண்ணியம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டு பலகை சுருங்குகிறது, கோடையில் ஊதுகிறது. இறுக்கியிருந்தால் இந்நேரம் வெடித்திருக்கும்.

மேல் தட்டு வெங்காயத்துக்கு: அடியில் கம்பி வலை, பக்கங்களில் விரல் நுழைகிற சந்து விட்டு அடித்த ரீப்பர். கீழ் தட்டு உருளைக்கு: வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகி நஞ்சேறும் என்பதால் மூடிய கதவு, காற்றுக்குப் பின்பலகையில் துளைகள். இரண்டையும் கலந்து போட்டால் உருளையின் ஈரத்தில் வெங்காயம் அழுகும். சம்பந்திகள் மாதிரி, ஒரே கூரையின் கீழ் இருக்கலாம், ஒரே அறையில் கூடாது. (உங்களையும் எங்கள் அப்பாவையும் சொல்லவில்லை.)

மரவள்ளிக்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. இங்கே அது கோஸ்டாரிகாவிலிருந்து மெழுகு பூசிக்கொண்டு வருகிறது! கடையில் முதலில் பார்த்தபோது பொம்மைக் கிழங்கோ என்று நினைத்தேன். சுரண்டினால் நகத்தில் மெழுகுவர்த்தி ஒட்டுகிறது. பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே கருத்துவிடும் என்பதால் இந்த அலங்காரம். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கும் கிழங்கு லாரிகள் வளைவில்கூட வேகம் குறைக்காமல் சேகோ ஆலைக்குப் பறப்பதும் இதனால்தானே. கல்வராயன் மலைக்காரர்களுக்குப் பெட்டியே வேண்டாம்; கிழங்கை மண்ணிலேயே விட்டு, வேண்டுகிறபோது பிடுங்கிக்கொள்வார்கள். இங்கே மண்ணே உறைந்துவிடுகிறது, கடப்பாரைகூட இறங்காது. கடைசியில் அடியில் ஓர் இழுப்பறை வைத்து, ஈரமாக்கிய மரத்தூளில் கிழங்கைப் புதைத்தோம். இப்படி வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். ஆனால் நல்ல கிழங்காக, காயம் படாததாகப் பொறுக்க வேண்டும். மரத்தூளுக்குப் பஞ்சமில்லை, நாங்கள்தான் உற்பத்தியாளர்கள்.

இத்தோடு விட்டாளா? நீங்கள் கொடுத்தனுப்பிய சின்ன உளியை எடுத்து வெங்காயக் கதவில் யாளி செதுக்க உட்கார்ந்துவிட்டாள். வாகையிலும் தேக்கிலும் பழகிய கை. பைனில் முடிச்சு வரும் இடமெல்லாம் உளி எகிறியது. ஒரு முடிச்சையே யாளியின் கண்ணாக்கிச் சமாளித்தாள். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததல்லவா, இதற்கும் முத்திரை உண்டா என்று கேட்டேன். அந்த வட்டாரத்தில் செய்தால்தான் உண்டாம். பாவம், யாளிக்குப் பூர்வீகம் சின்னசேலம், பிறப்புச் சான்றிதழ் வின்னிபெக்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏணி கேட்டு வந்தார். பேஸ்மென்டுக்கு அழைத்துப் போனேன். பெட்டியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “உள்ளே எந்தச் சாமி?” என்று மெதுவாகக் கேட்டார். கதவைத் திறந்து காட்டினேன். சின்ன வெங்காயத்தை வெகு நேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, “தினமும் பூஜை உண்டா?” என்றார். சாம்பார் வைக்கிற நாளில் மட்டும் என்றேன்.

அவருக்கும் ஒன்று வேண்டுமாம், யாளிக்குப் பதில் பைசன் எருமை போட்டு. இந்த மனிடோபா மாகாணத்தின் சின்னம் அது. உங்கள் மகள் கூலி சொன்னாள். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்று வந்திருக்கிறார். ஆகவே நந்தியின் திமில் கணக்கையே பைசனுக்கும் வைக்கலாமா, தாடியை எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவது என்று ஒரு தாளில் வரைந்து, படம் எடுத்து அனுப்புங்கள். முன்பணம் வாங்கியாகிவிட்டது, சீக்கிரம்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை (பலகை பிடிப்பு இலாகா)