எட்டு மில்லிமீட்டர் ஊர்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: கூடம் முழுவதும் லெகோ வீடுகள் நிறைந்து கிடக்கின்றன. ஆனாலும் ஊர் என்று சொல்லும்படி ஒன்றும் தெரியவில்லையே, ஏன்?

பதில்: வீடுகள் பெருகினால் வீட்டு மனை விளம்பரம் கிடைக்கும், தெரு அமைந்தால்தான் ஊர் கிடைக்கும். லெகோ நிறுவனத்தின் வரலாறே இதற்குச் சான்று. டென்மார்க்கின் பில்லுண்டில் தச்சராக இருந்த ஓலெ கிர்க் கிறிஸ்டியன்சன் 1932இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். இங்கிலாந்தின் ஹிலரி ஃபிஷர் பேஜ் வடிவமைத்தவற்றை முன்மாதிரியாகக் கொண்டு 1949இல் பிளாஸ்டிக் செங்கற்களையும் சந்தைக்குக் கொண்டுவந்தார். எனினும் சில ஆண்டுகள் வரை அவை அந்நிறுவனத்தின் பல பொம்மைகளுள் ஒன்றாகவே இருந்தன. அவருடைய மகன் காட்ஃபிரெட் 1955இல் 'நகரத் திட்டம்' என்ற தொகுப்பை வெளியிட்டபோதுதான் நிலைமை மாறியது. தெருக்கள் அச்சிட்ட ஒரு விரிப்பும், அத்தெருக்களின் ஓரத்தில் எழும்பும் செங்கல் வீடுகளும், சிறு கார்களும் மரங்களும் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்யப்பட்டதால், அடுத்து வாங்கும் பெட்டி முந்தைய பெட்டியை ஒதுக்காமல் அதே ஊரை வளர்த்தது. ஆகவே ஊர் கட்ட விரும்புபவர் முதலில் வீடுகளை எல்லாம் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, தெரு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பதை வெறுந்தரையில் குறித்துக்கொள்வதே முறை.

கேள்வி: 1955இல் கட்டிய வீடு அசைத்தால் விழாமல் நின்றிருக்குமா?

பதில்: இன்றுபோல் நின்றிருக்காது. அக்காலச் செங்கல்லின் மேற்புறத்தில் குமிழ்கள் இருந்தனவே தவிர, அடிப்புறம் வெறும் குடைவாக இருந்ததால் பிடிப்புக் குறைவு. அடிப்புறத்தில் உட்குழாய்களைப் பொருத்தும் முறைக்கு 1958 சனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. கீழேயுள்ள செங்கல்லின் குமிழ், மேலேயுள்ளதன் சுவருக்கும் குழாய்க்கும் இடையே இறுகிக்கொள்வதே அதன் நுட்பம். ஊர் முந்தியது, பிடிப்பு பிந்தியது.

கேள்வி: எங்கள் தெருவைச் சரியான அளவு விகிதத்தில் அப்படியே கட்டிவிட வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். எவ்வளவு இடம் வேண்டும்?

பதில்: அளவு விகிதம் என்பது மாதிரியின் ஒரு நீளம் உண்மைப் பொருளின் நீளத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைக் குறிக்கும். 1978இல் அறிமுகமான லெகோ மனிதப் பொம்மையின் உயரம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்; அதை 170 சென்டிமீட்டர் ஆளாகக் கொண்டால் விகிதம் ஏறத்தாழ 42இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் ஒரு கிலோமீட்டர் தெருவுக்கு 24 மீட்டர் இடம் தேவைப்படும். குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போகவேண்டியதுதான். பில்லுண்டில் 1968இல் திறக்கப்பட்ட லெகோலாந்து பூங்காவின் சிற்றூர்கள் 20இல் ஒரு பங்கு விகிதத்தில் அமைந்தவை. ஆனால் அவற்றுக்கு ஒரு பூங்காவே இடமாகக் கிடைத்தது.

மேலும், மனிதப் பொம்மை உயரத்துக்கு ஒவ்வாத அகலம் உடையது. அது நுழைவதற்கான வழக்கமான கதவு நான்கு குமிழ் அகலம், அதாவது 32 மில்லிமீட்டர். விகிதப்படி பெருக்கினால் இது 1.3 மீட்டருக்கும் மேல். எனவே முழுமையான விகிதம் என்பது இந்த ஊரில் எங்குமே இல்லை, அதற்காக வருந்தத் தேவையும் இல்லை. 32 குமிழ் அகலமுள்ள ஓர் அடித்தட்டு, அதாவது கட்டடம் எழும்பும் பரந்த பலகை, 25.6 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. விகிதப்படி அது ஏறத்தாழ 11 மீட்டர் முகப்புள்ள கட்டடத்துக்குப் பொருந்தும். தெருவின் நீளத்தைக் குறைத்து, முகப்புகளின் அகலத்தை மட்டும் காப்பாற்றினால் கண் ஏற்றுக்கொள்ளும். தெருவில் இருக்கும் நாற்பது வீடுகளுள் மகள் தினமும் நின்று பார்க்கும் ஐந்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அத்தேர்வில்தான் ஊரின் அடையாளம் இருக்கிறது.

கேள்வி: எந்தப் பக்கம் பார்த்தாலும் குமிழ். ஊருக்கே அம்மை போட்டதுபோல் இருக்கிறது. மருந்து உண்டா?

பதில்: உண்டு, அது செங்கல்லின் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. இரு குமிழ்களின் மையங்களுக்கு இடையே உள்ள தொலைவு 8 மில்லிமீட்டர்; செங்கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள மெல்லிய துண்டான தகட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர்; இரண்டு குமிழ்களின் அகலமும் அதே 16 மில்லிமீட்டர். ஆகவே பக்கவாட்டில் குமிழ் உள்ள செங்கல் ஒன்றைச் சுவரில் வைத்து, அதன்மேல் குமிழில்லாத வழுவழுப்பான ஓடுகளை நிமிர்த்திப் பொருத்தினால், படுத்த வரிசையும் நின்ற வரிசையும் இடைவெளியின்றி ஒன்றிவிடுகின்றன. சன்னல் சட்டமும் கடைப் பெயர்ப்பலகையும் இவ்வழியில் உயிர் பெறுவதைக் கண்டவர், ஐந்துக்கு இரண்டு என்னும் இச்சமன்பாட்டைப் பின்னர் மறப்பதில்லை. இருந்தாலும் எல்லாக் குமிழ்களையும் மூடிவிடுவது நல்லதன்று. பொம்மை மனிதர்கள் காலூன்றி நிற்பதற்கு அவைதாம் பிடிமானம்.

கேள்வி: எட்டுக் குமிழ்ச் செங்கற்கள் ஆறே ஆறுதான் மிஞ்சியிருக்கின்றன, அவையும் ஒரே நிறம். இதை வைத்து என்ன செய்ய?

பதில்: இரண்டை மட்டும் 24 விதமாக இணைக்கலாம். ஆறையும் இணைக்கும் வழிகள் 91,51,03,765 என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டிருக்கிறார். விடுமுறை நாள்கள்தான் போதாமற்போகும்.

கேள்வி: ஊருக்கு ஓர் ஆறு வேண்டும். நீல நிறத் தட்டை வைத்தால் ஆறாகத் தோன்றாமல் நீலத் தரையாகத் தோன்றுகிறது.

பதில்: ஆறு என்பது பள்ளம், பள்ளமில்லாத நீலம் கண்ணை ஏமாற்றாது. தோண்டுவதற்கு வழியில்லாததால் கரையை உயர்த்துவதே தீர்வு. நான்கு செங்கல் உயரத்துக்கு, அதாவது 38 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், ஊரின் தரையைத் தூக்கி நிறுத்தினால் விகிதப்படி 1.6 மீட்டர் ஆழம் கிடைக்கும். தரைக்கு அடியில் முழுவதும் நிரப்பத் தேவையில்லை. தகடுகள் சேரும் ஓரங்களிலும் மூலைகளிலும் தூண்கள் நின்றால் போதும், உதிரியாகக் கிடக்கும் பொருந்தா நிறச் செங்கற்கள் எல்லாம் அங்கே மறைவாகப் பயன்படும். படுகையில் பழுப்பும் கரும்பச்சையும் கலந்து பரப்பி, அதன்மேல் நிறமற்ற கண்ணாடி போன்ற ஓடுகளை அடுக்கினால், ஓடுகளின் இடுக்குகளில் வெளிச்சம் முறிந்து நீரோட்டம் தெரிகிறது. பாலத்தை மட்டும் இறுதிக்கு ஒத்திவைக்கக் கூடாது. பாலம் தொடும் இரு கரைகளின் உயரத்தைத் தெருவே முடிவு செய்கிறது.

கேள்வி: பெட்டியில் வரும் கட்டடத்தைக் குறிப்பேட்டின்படி கட்டி ஊரில் வைப்பது ஏமாற்று வேலையா?

பதில்: அன்று. 2007இல் 2,056 துண்டுகளோடு வந்த 'கஃபே கார்னர்' என்னும் மூலைக் கட்டடத்தைப் பிரித்துப் பார்த்தால், மாடிகள் தனித்தனியே கழன்று வருவதும், பக்கத்துக் கட்டடத்தோடு இணைக்கும் முளைகளுக்கான துளைகள் சுவரில் முன்கூட்டியே விடப்பட்டிருப்பதும் தெரியும். அடுத்த வீட்டை எதிர்பார்த்து வீடு கட்டும் கலைக்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஒன்றைக் குறிப்பேட்டின்படி கட்டிக் கற்ற பின், அதன் அண்டை வீட்டைச் சொந்தமாகக் கட்டுவது பொருத்தம்.

கேள்வி: வெள்ளை மாளிகை கட்டி சன்னலோரம் வைத்தோம், மஞ்சள் மாளிகை ஆகிவிட்டது.

பதில்: 1963 முதல் இச்செங்கற்கள் அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றும் சேர்ந்த ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கால் செய்யப்படுகின்றன. உடையாத வலிமையைத் தரும் பியூட்டாடையீன் பகுதியையே வெயிலின் புற ஊதாக் கதிர் முதலில் தாக்குவதால் மஞ்சள் படர்கிறது. ஊரைச் சன்னலிலிருந்து நகர்த்துவதும் திரைச்சீலையும் எளிய காப்பு.

கேள்வி: இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் காலில் குத்துகிறதே. நசுங்கவே நசுங்காதா?

பதில்: பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகத்தில் 2012இல் நான்கு குமிழ்ச் செங்கல் ஒன்றை எந்திரத்தில் அழுத்திச் சோதித்தபோது, அது 4,240 நியூட்டன் வரை, அதாவது 430 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கியபிறகே தளர்ந்தது. மனிதக் கால் தோற்பது இயல்பே. கட்டும்போது பழைய போர்வை ஒன்றை விரித்து அதன்மேல் செங்கற்களைக் கொட்டிக்கொண்டால், இரவில் நான்கு முனைகளையும் சேர்த்துத் தூக்கிக் கூடைக்குள் அப்படியே இறக்கிவிடலாம்.