முதல் பக்க மன்னர்

ஓசூர் சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் இப்படி ஒரு சூப்பர்வைசர் இருப்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒரு பென்சில், ஒரு குட்டி நோட்டு. நோட்டு மட்டும் வாராவாரம் மாறும்.

செல்போனில் குறித்துக்கொண்டால் என்ன? பல கம்பெனிகளில் கேட்டிலேயே கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். சில இடங்களில் போனையே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே கொண்டுபோனாலும் கூலன்ட் ஊறிய விரலுக்கு டச் ஸ்க்ரீன் மசியாது. ஆகவே நோட்டுதான். எந்த நோட்டு என்பதில்தான் சாருக்குப் பாதி ஆயுள் கழிந்துவிட்டது.

ஏ6 என்றால் 105-க்கு 148 மில்லிமீட்டர். குனிந்தால் நழுவி லேத்துக்குள் விழும். ஏ7 அதில் பாதி. பையில் அடங்கும், சாரின் கையெழுத்து அதில் அடங்காது. ஸ்பைரல் கம்பி சட்டை நூலை இழுக்கும். ஜெல் பேனா ஈரம் பட்டால் கரையும், பால்பாயின்ட் எண்ணெய்த் தாளில் வழுக்கும். வருஷக் கடைசியில் சப்ளையர் தரும் டைரியில் கம்பெனி விளம்பரம் போக மிச்சம்தான் இடம்.

டீ பிரேக்கில் இதையெல்லாம் வடை ஆறும்வரை விளக்குவார். பேச்சு கடைசியில் 2004-ல் பெங்களூர் பி.இ.எல். தயாரித்த அமிடா சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியில் போய் நிற்கும்.

“கையில அடங்கும். குச்சியால திரையிலேயே எழுதலாம். அது மட்டும் நிலைச்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்!”

“எங்க சார், அத்திப்பள்ளிக்கா?” என்றான் புது டிரெய்னி.

ஒவ்வொரு நோட்டிலும் முதல் பக்கத்தில் பெயர், டிபார்ட்மென்ட், பிளட் குரூப், இரட்டைக் கோடு போட்ட ‘முக்கியம்’. இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் குறை தெரிந்துவிடும். நோட்டு லைனில் நிற்கும் பையன்களுக்குப் போய்விடும்.

ஆடிட் வந்தது. மூன்று மாதம் முன்பு மெஷின் எப்போது நின்றது என்று கேட்டார்கள். சார் அன்று காலை வாங்கிய நோட்டைத் தடவினார். டிரெய்னி தன் நோட்டைப் புரட்டி, நின்ற நேரம் முதல் மாற்றிய பேரிங் வரை ஒப்பித்தான். ஆடிட்டர் அதை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார்; சாரின் பெயர். “சூப்பர்வைசரே கைப்பட மெயின்டெய்ன் பண்றாரா! பிரமாதம்” என்று கைகுலுக்கினார்.

சாயங்காலம் பாகலூர் ரோட்டு ஸ்டேஷனரிக் கடையில் சார் நின்றார்.

“எங்க டிரெய்னி ஒருத்தன் ஒரு நோட்டு வச்சிருக்கான் தம்பி, ஆடிட்டரே பாராட்டினாரு. அந்த மாதிரி ஒண்ணு இருக்கா?”