ஜின்னுக்கே சட்டம் சொல்பவர்

மலாக்காவின் புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடிந்து பசியாற வரும் கூட்டத்தில் லோயர் பூரோக் ஒருவராவது இருப்பார். சட்டம் படிக்காமலே சட்டம் பேசுகிறவருக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அது. தமிழர்கள் அதைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் ஆள் ஏற்கெனவே நம்மிடம் இருந்தார், பெயர்தான் இல்லை. இந்த இனத்தில் பல கிளைகள் உண்டு. பெனால்டி கொடுத்தது தப்பு என்று ரெஃப்ரியைக் கண்டிப்பவர், தேர்தல் முடிந்த மறுநாள் தொகுதிப் பங்கீட்டைத் திருத்தித் தருபவர் எல்லாம் சாதாரண ரகம். அபூர்வ ரகம் ஒன்று இருக்கிறது: பேய்ப்பட லோயர் பூரோக். அதிலும் வரம் கொடுக்கும் பூதங்கள்தான் இவருடைய தனித்துறை. இவருடைய வழக்குக் கட்டில் முதல் கோப்பு, 1999-இல் வந்த ‘விஷ்மாஸ்டர்’ இரண்டாம் பாகம். பாசார் மாலாமில் விசிடி கட்டுக்கட்டாக விற்ற காலத்து ஆள் என்பதால் அந்தப் படம் அவருக்கு மனப்பாடம்.

அந்தப் படத்தில் திருடப்போன இடத்தில் துப்பாக்கிக் குண்டு பட்டுச் சிலை உடைகிறது, கல்லுக்குள் அடைபட்டிருந்த ஜின் வெளியே வருகிறது. அது மனித வேடத்தில் சிறைக்குப் போய்க் கைதிகளிடம் ஆசையைக் கேட்கிறது. கம்பிக்குள்ளே கிடக்கும் ஒருவன், இந்தக் கம்பிகளைத் தாண்டி நடந்துபோக வேண்டும் என்கிறான். வரம் உடனே பலிக்கிறது: கம்பி நகரவில்லை, ஆள்தான் கம்பி இடைவெளிக்குள் நசுங்கி வெளியே வருகிறான். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ளும் இந்த இடத்தில் நம்மவர் படத்தை நிறுத்துவார். “அண்ணே, கேக்கத் தெரியல லா அவனுக்கு. உயிரோட, முழு ஒடம்போட, ஒரு காயமும் இல்லாம, கதவு வழியா வெளியே போவணும்னு கேட்டிருக்கணும்.” தே தாரே ஆறிக்கொண்டிருக்கும். ‘கதவு வழியா’ என்பதற்குப் பின்னால் ‘வெளியே போனபிறகு போலீஸ் பிடிக்காமல்’ என்று ஓர் உட்பிரிவு சேரும். அதை நாலு நம்பர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. கடைசியில் “சுத்த வேஸ்ட் படம்” என்று தீர்ப்பு வரும்.

தீர்ப்பு சரிதான். அவர் சொல்லும் காரணம்தான் சரியில்லை. படத்தில் வருகிறவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆனால் அவர்கள் முட்டாள்களாக இருப்பதால்தான் இவர் அறிவாளியாக உட்கார்ந்திருக்கிறார். படத்தைத் திட்டுகிற இன்பத்துக்காகவே அதை இத்தனை தடவை பார்த்தவர் வேறு யாரும் இல்லை. இப்படிப்பட்ட படம் இவரை மனத்தில் வைத்துத்தான் தயாராகிறது. முதல் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் ராபர்ட் கர்ட்ஸ்மன் இயக்கியது. அதுவும் காவியம் இல்லை. ஆனால் அதன் முடிவில் நாயகி உட்கார்ந்து யோசிக்கிறாள். சிலை உடைந்தது ஏன்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் குடித்திருந்தான். அன்றைக்கு அவன் குடிக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று வரம் கேட்கிறாள். கிரேன் ஆடவில்லை, சிலை விழவில்லை, ஜின் கல்லுக்குள்ளேயே கிடக்கிறது. லோயர் பூரோக்கே எழுந்து நின்று கும்பிட வேண்டிய வாசகம் அது. அதைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை, திருத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை பாருங்கள். இரண்டாம் பாகத்தில் ஜின் 1001 ஆன்மாக்களைச் சேர்க்க வேண்டும் என்று புதுக்கணக்கு வருகிறது. அதற்காக லாஸ் வேகாஸ் சூதாட்டக் கூடத்துக்கே போகிறது. ஆன்மா பெருகப் பெருக ஒவ்வோர் ஆசைக்கும் கிடைக்கிற நேரம் குறைகிறது. கேட்டான், செத்தான், அடுத்தவன் வா.

இங்கே ஒரு மறுப்பு வரும்: நம் புராணங்களும் வரத்தில் ஓட்டை தேடுகிற கதைகள்தானே? ஆமாம், ஆனால் இரணியனை யாராவது முட்டாள் என்று சொன்னார்களா? மனிதனாலும் மிருகத்தாலும் இல்லை, பகலிலும் இரவிலும் இல்லை, உள்ளேயும் வெளியேயும் இல்லை, ஆயுதத்தாலும் இல்லை என்று பத்திரம் எழுதியவன் அவன். அப்படிப்பட்டவனே அந்திப்பொழுதில் வாசற்படியில் மாட்டினான் என்பதுதான் கதை. பயம் எப்போதும் அறிவாளி தோற்கிற இடத்தில்தான் பிறக்கும். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய குரங்குப் பாதக் கதையில் கிழவர் கேட்பது வெறும் 200 பவுன். பேராசையே இல்லை, வாசகத்தில் பிழையும் இல்லை. மறுநாள் மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கிச் செத்த செய்தியோடு கம்பெனி ஆள் வருகிறார். தங்கள் பொறுப்பு எதுவும் இல்லை, இருந்தாலும் சேவையைப் பாராட்டி ஒரு தொகை. எவ்வளவு? 200 பவுன். தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஆள் அனுப்பிய குடும்பங்கள் வாழும் மலாக்காவில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. இந்தக் கதையில் லோயர் பூரோக் எந்த வரியைத் திருத்துவார்?

தொடர்படம் என்றாலே வெள்ளைக்காரன் வியாபாரம், அதனால்தான் கெட்டுப்போகிறது என்று இன்னொரு வாதமும் வைப்பார். நம் வட்டாரத்திலேயே 1957-இல் ‘பொந்தியானாக்’ வந்தது, அதே ஆண்டில் அதன் தொடர்ச்சி, 1958-இல் மூன்றாவது. கேத்தே-கெரிஸ் தயாரிப்பு, மரியா மெனாடோ நடித்தார், இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். 2023-இல் ‘சந்திரமுகி’ இரண்டாம் பாகம் வந்தபோது எந்த வெள்ளைக்காரன் கட்டாயப்படுத்தினான்? நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: ‘விஷ்மாஸ்டர்’ ஜின்னாக வரும் ஆண்ட்ரூ டிவோஃபின் குரலும் அசட்டுச் சிரிப்பும் இரண்டாம் பாகத்தையும் ஓரளவு தாங்குகின்றன. மூன்றிலும் நான்கிலும் அவரும் இல்லை.

இனி நம்மவரின் சொந்த நடைமுறை. ஜின்னோடு போடும் ஒப்பந்தத்தில் இத்தனை உட்பிரிவு கேட்பவர், மைத்துனரின் கார்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போடும்போது எங்கே போட வேண்டும் என்பதை மட்டும்தான் கேட்பார். கொரோனா காலத்தில் 2020 முதல் 2022 வரை ஊழியர் சேமநிதிப் பணத்தை முன்கூட்டியே எடுக்க ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, கடைசியாகச் சிறப்பு மீட்பு என்று நான்கு கதவுகள் திறந்தன. நாடு முழுக்க எடுத்த தொகை சுமார் 145 பில்லியன் ரிங்கிட். கேட்ட பணம் கேட்டபடி வந்தது, ஒரு காசு குறையவில்லை. வந்தது அவரவர் முதுமையிலிருந்து. வேலை போனவன் வேறென்ன செய்வான் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. வீட்டு வாடகை கட்ட எடுத்தவர்களை யாரும் கேலி செய்ய முடியாது. நான் சொல்வது, மாதாமாதம் சம்பளம் தவறாமல் வந்தும் நான்கு கதவிலும் நுழைந்து, புதுச் சோபாவில் சாய்ந்துகொண்டு, சிறைக் கைதிக்கு ஆசை கேட்கத் தெரியவில்லை என்று சிரித்தவரைப் பற்றி.

ஒருவேளை அதனால்தான் அவருக்கு ஜின் தேவைப்படுகிறது. வங்கி அதிகாரி இவர் பேச்சைக் கேட்டு வாசகத்தை மாற்றப்போவதில்லை; பாரத்தின் பொடி எழுத்து மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சாகி முடிந்தே வருகிறது. பேரம் பேச இடம் இருப்பது பூதத்திடம் மட்டும். 2002-இல் வந்த நான்காம் பாகத்தை அவர் மறக்காமல் பார்த்ததும் இதனால்தான். அதில் ஜின் ஒரு வக்கீலைக் கொன்று அவன் உருவத்திலேயே உலவுகிறது. விபத்தில் கால்கள் செயலிழந்தவனின் நஷ்டஈட்டு வழக்கை நடத்துகிறது. அந்த வக்கீலை நம்பும் பெண், உன்னை உன் உண்மை இயல்போடு நேசிக்க வேண்டும் என்று மூன்றாவது ஆசையைச் சொல்லிவிடுகிறாள். அன்பு தானாக வர வேண்டிய ஒன்று என்பதால் ஜின் முழிக்கிறது; நான்கு படத்திலும் அது திணறிப்போகும் அருமையான இடம் இது. நம்மவர் அங்கேயும் படத்தை நிறுத்துகிறார். “எந்தத் தேதிக்குள்ளன்னு போடல பாருங்க” என்கிறார்.