ஆறு மாத ஜெர்மனி

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். இன்ஜினீயரிங் படிக்கும் மகன் ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படிக்கப் போகிறானாம். படிப்பானா, ஊர் சுற்றுவானா?

பதில்: ஊர் சுற்றக் காசு வேண்டுமே! அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்கு, மாதம் 992 யூரோ வீதம் முன்கூட்டியே வங்கியில் முடக்கி வைக்கச் சொல்வார்கள். உங்கள் பணம்தான், மாதாமாதம் அளந்துதான் கொடுப்பார்கள். இவ்வளவு கறாரான அப்பா கும்மிடிப்பூண்டியில்கூட இருக்க மாட்டார்.

சமையல் தானாக வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் தூங்கிவிட்டால் மறுநாள் பிரெட்டும் ஊறுகாயும்தான். விடுதியில் மிளகாய் தாளிக்கும்போது ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். புகை அலாரம் அலறினால் சாம்பாருக்கு முன்னால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். இங்கே குடத்தில் தண்ணீர் பிடிக்கச் சொன்னால் காது கேட்காதவன், அங்கே பை நிறைய பாட்டில் சுமப்பான்.

வகுப்புக்குப் பிந்துவானோ என்ற கவலையும் வேண்டாம். பல பல்கலைக்கழகங்களில் 9 மணி வகுப்பு 9.15-க்குத்தான் ஆரம்பிக்கும். பழைய வழக்கம் அது. சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் தொங்கிப் போய்ப் பழகியவனுக்கு அந்தக் கால் மணி பெரிய சொத்து.

(உங்கள் மாவட்டத்துத் திருத்தணியில் பிறந்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் 1936-ல் ஆக்ஸ்போர்டு போனது பாடம் நடத்த. இதை இப்போதைக்கு மகனிடம் சொல்லிக்காட்ட வேண்டாம்.)

ஒரே ஒரு எச்சரிக்கை. அங்கே 1 வாங்கினால்தான் கெட்டிக்காரன். 'அப்பா, 5 வாங்கிட்டேன்' என்று போன் வந்தால் தெருவுக்கு லட்டு கொடுத்துவிடாதீர்கள், ஃபெயில்!